துரை மூலமாக

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது அவருடையது. நீங்கள் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதுதான் இந்த வீட்டில் சிக்கலே. இதில் உட்காருங்கள், காற்று வரும். பெயர் என்ன சொன்னீர்கள்? ரெஜினா. ஆறு நாள் வங்கி, ஞாயிற்றுக்கிழமை நாய்கள் காப்பகம். நல்லது. என் பெண்ணும் இப்படித்தான், சும்மா இருக்கத் தெரியாது.

இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும் என்று ஃபோனில் சொன்னீர்கள். அவர் கோழிக்கடைக்குப் போயிருக்கிறார். வர அரைமணி ஆகும். ஏன் கேட்கிறீர்கள், இந்த வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து சைவம். இப்போது ஞாயிறு காலையில் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோழிக்கடை வரிசையில் நிற்கிறார். தெரிந்தவர்கள் பார்த்தால் "நாய்க்கு" என்கிறாராம். யாரும் நம்புவதில்லையாம், எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. அவரே வேகவைத்து, எலும்பு நீக்கி, ஆறவைத்து, சோற்றில் பிசைந்து வைப்பார். எனக்கு முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் போட்டுக் கொடுத்ததில்லை. சரி, கொடுத்திருக்கிறார், எனக்கு டைஃபாய்டு வந்தபோது. அதை விடுங்கள்.

துரை அதோ, கொல்லைக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. உங்களைத் திரும்பிப் பார்த்ததா பாருங்கள். பார்க்காது. அதனால்தான் துரை என்று பெயர் வைத்தேன். கூப்பிட்டால் வராது, தானாக வரும். நீங்கள் அங்கே வைத்திருந்த பெயர் பிரின்ஸ். அதற்கும் திரும்பவில்லை.

எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சம்மதித்தால்தான் நாய் நிரந்தரம் என்று விதி. ஒருத்தர் கையெழுத்துப் போடவில்லை என்றால்? திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களா? இல்லை, சும்மா கேட்டேன். அவர் போடுவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. துரையிடமே எப்படிக் கேட்டு அனுப்புவது, உன்னை வைத்துக்கொள்ளலாமா என்று? அதற்கும் மனசு இருக்கிறது.

புரியவில்லையா? கயல்விழி உங்களிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். என் பெண். நாசிக்கில் இருக்கிறாள். அவள்தான் உங்கள் விலாசம் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. வருகிற பொங்கலோடு பதினொரு வருஷம். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட வேண்டும் என்றால் பேச வேண்டுமே. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே டிவி. பேச்சு மட்டும் கிடையாது. எங்கள் நகர் நலச் சங்கத்துப் பொங்கல் விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஏழு நிமிஷம். பதினைந்து நாள் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். மேடை ஏறிப் பேசிக்கொண்டிருக்கிறேன், நாலாவது நிமிஷம், எதிரே முதல் வரிசையில் அவர் சிரிக்கிறார். புன்சிரிப்பு இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர், அப்புறம் மொத்தப் பந்தலும். நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன்: "இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பேசவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான். அவரும் ஒரு தரம் வந்து ஏன், என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பேச மாட்டேன் என்று சொன்ன பிறகு எப்படிப் பதில் சொல்வது? நாலு தடவை கேட்டுவிட்டு அவரும் விட்டுவிட்டார். பொறுமை கிடையாது அவருக்கு.

என்ன தலைப்பா? 'இல்லறத்தில் பொறுமை.' ஏன் கேட்கிறீர்கள்?

சரி. கயல்விழி இருந்தவரைக்கும் கஷ்டம் தெரியவில்லை. "அப்பாகிட்ட சொல்லு, மோட்டார் போடணும்." "அம்மாகிட்ட சொல்லு, கல்யாணத்துக்குப் பத்தரை மணி பஸ்." அவள் நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டே "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்பாள், தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். அப்படியே பி.காம். முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி நாசிக் போனாள். அதற்கப்புறம் ஃபோன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாசிக்கைக் கூப்பிடுவார். "அம்மாகிட்ட சொல்லு, கேஸ் வாசனை வருது." நான் எட்டு அடி தூரத்தில் அடுப்பங்கரையில் நிற்கிறேன், காதில் நன்றாக விழுகிறது. ஆனாலும் கயல்விழி என்னைக் கூப்பிட்டு "அம்மா, கேஸை மூடும்மா, தயவுசெஞ்சு மூடும்மா" என்று சொன்ன பிறகுதான் மூடினேன். முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஒருநாள் மத்தியானம், ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்ல அவர் கூப்பிட்டிருக்கிறார், குழந்தை எழுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ரெண்டு பேரும் ஒரு நாயைக் கொண்டாந்து வச்சுக்கங்க. அதுகிட்டச் சொல்லிக்கங்க. என்னை விடுங்க." கோபத்தில் சொன்னேன் என்று பிறகு அவளே வருத்தப்பட்டாள். கோபத்தில் சொன்னால் என்ன, யோசனை நல்ல யோசனை. வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பிப் பார்த்தேன், அவள் நாலு வீட்டில் சொன்னாள். சுவரைப் பார்த்துச் சொல்லலாம், அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்பார்கள். நாய் என்றால் கேள்வி இல்லை. நாயிடம் எல்லோரும்தான் பேசுகிறார்கள். கயல்விழியை விட்டே அவரைக் கேட்கச் சொன்னேன். "சரி" என்றாராம். அதுதான் அவள் கொண்டுவந்த கடைசிச் செய்தி.

உங்கள் இடத்துக்கு ஒரே ஆட்டோவில்தான் வந்தோம். "சாரை அந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொல்லுங்க" என்றேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது அவரிடம் "பொறுத்துப் போங்க சார்" என்றான், யாரைப் பற்றி என்று தெரியவில்லை.

அன்றைக்கு நீங்கள் இல்லை, கண்ணாடி போட்ட ஒருத்தர் இருந்தார். உள்ளே நுழைந்ததும் அத்தனை நாயும் ஒரே குரைப்பு. கம்பியில் ஏறுகிறது, நாக்கை நீட்டுகிறது, ஒன்று என் முந்தானையைப் பிடித்தது. மூலையில் இது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று. சுற்றி இவ்வளவு ரகளை, திரும்பவில்லை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒட்டுக்கேட்கிற குணம் இல்லாத பிராணி, நாம் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளும் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரர் "இது கொஞ்சம் தனி மாதிரிம்மா" என்றார். நாங்களும் அப்படித்தான் என்றேன். படிவத்தில் நாய் எதற்காக என்று ஒரு கேள்வி இருந்தது. 'வீட்டில் பேச ஆள் இல்லை' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் உட்காரச் சொல்லிப் பழக்கவில்லை, கை கொடுக்கச் சொல்லிப் பழக்கவில்லை. கேட்டுக்கொள்வது மட்டும்தான் அதற்கு வேலை. முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "அப்பாகிட்ட சொல்லு, காபி ஆறுது" என்பேன். அப்படியே கண்ணைப் பார்க்கும், நம் உதட்டையே பார்க்கும். அரை நிமிஷத்தில் அவர் வந்து காபியை எடுத்துக்கொள்வார். கயல்விழிகூட இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. அவரும் அதன்முன் குனிந்து, "அம்மாகிட்ட சொல்லு, முட்டி வலின்னா மாடிக்கு ஏன் ஏறணும், துணியை நான் காயப்போடறேன்" என்பார். வேண்டுமென்றே. எனக்கு வயதாகிவிட்டது என்று நாய்க்குத் தெரியப்படுத்துகிறார். மறுநாளிலிருந்து துணியை அவர்தான் காயப்போடுகிறார், ஒன்றுக்குக்கூட கிளிப் சரியாகப் போடத் தெரியாது.

நாயிடம் நடந்துகொள்ளவும் தெரியாது. இன்றுவரை துரை என்று வாயால் கூப்பிட்டதில்லை. காலால் தரையைத் தட்டுவார். இல்லையென்றால் துண்டை ஆட்டுவார். சாயங்காலம் சோறு வைக்கும்போது ஹால் விளக்கை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவார், அது எழுந்து ஓடும். கரண்டு தண்டம். என்னையும் அப்படித்தான், பேச்சு இருந்த காலத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் மங்கையர்க்கரசி. நீளம் என்று சோம்பல்.

ஏன் கை தட்டுகிறீர்கள்? கொசுவா? பகலிலேயே வந்துவிடுகிறது, பக்கத்துக் காலிமனையில் தண்ணீர்.

திரும்பவும் தட்டுகிறீர்கள். அது திரும்பாது என்று சொன்னேனே. தைரியமான நாய். தீபாவளிக்கு நம் தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். எதிர்வீட்டு அல்சேஷன் கட்டிலுக்கடியில் போய் மூன்று நாள் வெளியே வரவில்லை. துரை இதோ இந்த ஹாலில் மல்லாந்து தூங்கியது.

டம்ளரை ஏன் கீழே போட்டீர்கள்? பரவாயில்லை, வெறும் டம்ளர்தான். நீங்கள் வேண்டுமென்றே போட்டது போல இருந்தது.

என்ன சொல்கிறீர்கள்?

இல்லை. யார் சொன்னது? டாக்டருக்கு என்ன தெரியும், ஊசி போடுகிறவர். பிறவியிலேயேவா? வெள்ளை நாய்களுக்கு அப்படி உண்டா? இருக்கலாம், இதற்கு இல்லை. நான் சொன்னதைக் கேட்டு எத்தனை வேலை நடந்திருக்கிறது இந்த வீட்டில். மோட்டார், கேஸ், காபி, கரண்டு பில், போன வாரம் அவருடைய அக்கா பேரனுக்குக் காதுகுத்து, போவதா வேண்டாமா என்று மூன்று நாள் இது மூலமாகவே பேசி முடிவெடுத்தோம். கேட்காத நாய் எப்படி...

இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சரி. அது கேட்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்தது, அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதானே சொல்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியாதா? கயல்விழி இருந்தபோதும் அதுதானே. ஆனாலும் நடுவில் ஒரு ஆள் கேட்டுக்கொள்கிறது என்றுதானே வாயைத் திறந்து சொல்ல முடிந்தது. காது கேட்காத நாயிடம் பேசினால் அது சுவரிடம் பேசுவது மாதிரி. இது தெரிந்தால் அவர் பேசுவாரா? வெட்கப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடுவார். ரெஜினா, அவரிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம். தயவுசெய்து. கையெழுத்து வாங்குங்கள், போங்கள். இது மட்டும் வேண்டாம். மூன்று மாதம்தான் இந்த வீட்டில் பேச்சு இருந்திருக்கிறது.

என்ன அட்டை அது? தடுப்பூசி அட்டை. அவர்தான் முதல் ஊசிக்கு உங்கள் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்பக்கத்தை நீங்களும் இப்போதுதான் பார்க்கிறீர்களா? அவர் கையெழுத்துதான், இந்தச் சாய்ந்த எழுத்து. என் கண்ணாடி எங்கே? இல்லை, நீங்களே படியுங்கள். இல்லை, கொடுங்கள். நான் படிக்கிறேன்.

'காது கேட்காது என்பது கூட்டி வந்த மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். மாற்ற வேண்டாம். இதுவே இருக்கட்டும். என் மனைவிக்குத் தெரியப்படுத்த வேண்டியதில்லை. அவர் இதனிடம் பேசுகிறார். சு. தணிகாசலம்.'

அவர் என்று எழுதியிருக்கிறார். என்னை.

மூன்றாம் நாளே. அதனால்தான் காலைத் தட்டியிருக்கிறார். துண்டு, விளக்கு. நான் என்னவோ மரியாதை தெரியாத ஆள் என்று... எழுந்து ஒரு தடவை கை தட்டிப் பார்த்திருப்பார், உங்களைப் போல. டெலிபோன் டிபார்ட்மெண்டில் முப்பது வருஷம் லைன் டெஸ்ட் பண்ணினவர். எனக்குத்தான் தோன்றவில்லை. பாருங்கள், தெரிந்தும் மூன்று மாதமாகக் குனிந்து குனிந்து அதனிடம் பேசியிருக்கிறார். வயதானால் மனுஷனுக்கு இப்படி ஆகிவிடும் போலிருக்கிறது.

தேதி போட்டிருக்கிறாரா? செப்டம்பர் பதினாலு. நன்றாகப் பாருங்கள், ஒன்பதா, பத்தா? ஒன்பது. செப்டம்பர்தான்.

தீபாவளி அக்டோபரில் வந்தது.

ஒன்றுமில்லை. தீபாவளியன்று காலையில் நான் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தாயிரம் வாலா வெடித்து முடித்து, தெரு முழுக்கப் புகை. அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து துரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. இவர் பேச ஆரம்பித்தார். எங்களுக்குள் ஒரு முறை உண்டு என்றேன் இல்லையா. செய்தி என்றால் 'அம்மாகிட்ட சொல்லு' என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால்தான் எனக்கு. இல்லையென்றால் அது அவருக்கும் நாய்க்கும் உள்ள பேச்சு, நான் காதில் வாங்கக் கூடாது. அன்றைக்கு அவர் 'அம்மாகிட்ட சொல்லு' என்று சொல்லவில்லை. நேராக ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் பேச்சைக் கேட்டுச் சிரிக்கலை. மேடைக்குப் பின்னாடி ஒரு ஆடு ஏறிடுச்சு. கம்பத்தில கட்டியிருந்த கரும்புத் தோகையைத் தின்னுக்கிட்டே, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டுச்சு. பொறுமைன்னா ஆட்டுது, விட்டுக்கொடுக்கணும்னா ஆட்டுது. என்னால முடியலை. ஆனா சிரிச்சிருக்கக் கூடாது. பதினஞ்சு நாள் உட்கார்ந்து எழுதினதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். தப்புதான்."

அவ்வளவுதான். எழுந்து போய்த் தினசரியை எடுத்துக்கொண்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், மனசில் கிடந்ததை நாயிடம் சொல்லி ஆறிக்கொள்கிறார், இதை நாம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று. அடுப்பைச் சின்னதாக்கிக் கதவோரம் வந்து நின்று கேட்டேன்தான், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதிரசம் நாலு கருகிப்போயிற்று. அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் முகம் சரியில்லை. மாத்திரை சேரவில்லை போலிருக்கிறது என்று, "அப்பாகிட்ட சொல்லு, டாக்டரைப் பார்க்கட்டும்" என்று துரையிடம் சொல்லி அனுப்பினேன். போகவில்லை.

செப்டம்பரிலேயே தெரியும் அவருக்கு. தீபாவளியன்று தூங்குகிற செவிட்டு நாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்பங்கரையைப் பார்த்தபடி, அவ்வளவு நீளத்துக்கு.

என்ன கேட்டீர்கள்? மாற்று நாயா? காது கேட்பதாக ஒன்று தருவீர்களா? வேண்டாம் ரெஜினா. காது கேட்கிற நாய் இருந்தால் இந்த வீட்டில் நடக்கிறதெல்லாம் அதற்குக் கேட்கும். பேனாவைக் கொடுங்கள். இங்கேதானே? முழுப் பெயரும் போட வேண்டுமா? மங்கையர்க்கரசி தணிகாசலம். அவர் இனிப் புதிதாகப் போட வேண்டாம் இல்லையா, அந்த அட்டையிலேயே போட்டிருக்கிறார். பத்திரமாக வையுங்கள். நான் அதைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், அப்புறம் நாங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டி வரும். இந்த வயதில் என்னால் முடியாது. நான் சொன்னால் சொன்னதுதான்.

துரை எழுந்துவிட்டது பாருங்கள். வால் இந்த ஆட்டம் ஆடினால் அவர் கொல்லை வழியாக வந்துவிட்டார் என்று அர்த்தம். கோழிப் பையை அந்தத் தனி அடுப்பு மேடையில் வைப்பார், கை கழுவுவார், அப்புறம்தான் உள்ளே வருவார். அதற்குள் முடித்துவிடலாம். இங்கே வா துரை. இந்தப் பக்கம். என் முகத்தைப் பாருடா.

"துரை, அப்பாகிட்ட சொல்லு. அன்னிக்குச் சொன்னது அம்மாவுக்குக் கேட்டுச்சுன்னு சொல்லு. ஆடுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அம்மாவும் திரும்பிப் பார்த்துச் சிரிச்சிருப்பாள்னு சொல்லு. பேச்சில இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கு. சாயங்காலம் காபி குடிச்சிட்டு உன் பக்கத்தில வந்து உட்காரச் சொல்லு. உனக்குத்தான் பேசிக் காட்டப்போறேன், அவர் சும்மா கேட்டுக்கிட்டிருந்தா போதும்னு சொல்லு."

குழாயை நிறுத்திவிட்டார், கேட்கிறதா.

ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேனா ரெஜினா? என்ன செய்வது. பாவம், இதற்குக் காது கேட்காதே.